சம்மனசுக்கு வலிக்க வேண்டும்

பாஸ்காலின் தொடையில் டீ கொட்டியது. பெரிய தம்ளர். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய டீ. அவர் பேச்சை நிறுத்தவில்லை. கச்சான் காற்று இன்றைக்குக் கொஞ்சம் தெற்கே திரும்பியிருக்கிறது, திரும்பி வரும்போது அலை விலாவில் அடிக்கும் என்று எனக்கு விளக்கிக்கொண்டே, காலித் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோய், ஒன்றும் வராததால் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"காலப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். பேண்டிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. "ஏட்டி, இது எப்பக் கொட்டுச்சு?" என்று என்னையே கேட்டார்.

உடம்பை மரக்கவைக்கும் ஊசி போட்ட நாளாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஆனால் அன்று காலை நர்ஸ் ஜெனிட்டா தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, இன்றைக்கு யாருக்கும் ஊசி கிடையாது என்று திருப்பி அனுப்பியவளே நான்தான். ஊசி இல்லாமலே இந்த மனிதருக்கு வெந்நீர் தெரியவில்லை.

பாஸ்கால் என் வீட்டுக்காரர். சம்மனசு என்கிற மீட்புப் படகில் பெல்ட் கட்டுகிறவர். அதே படகை ஓட்டுகிறவள் நான். ஓட்டாத நேரத்தில் அதைச் செட் பண்ணுகிறவளும் நான்தான். சம்மனசு என்றால் எங்கள் தூத்துக்குடிக் கோயில் தமிழில் தேவதூதர். கம்பெனி அதற்கு ஒரு நம்பர்தான் கொடுத்திருந்தது, பெயர் நாங்கள் வைத்தது.

இப்போது காற்று நிற்பதே இல்லை. என் பள்ளிக்கூட நாட்களில் கச்சான் சில மாதம் ஆட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இப்போது வருஷம் முழுக்க மேற்கிலிருந்து அடித்துத் தள்ளுகிறது. அதை வீணாக்க வேண்டாமே என்று கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் காற்றாலைகளை நட்டு, அவற்றில் ஆயிரக்கணக்கான ஆட்களை ஏற்றிவிட்டார்கள். ஏறியவன் விழுந்தால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், யாராவது இறக்கிக் கொண்டுவர வேண்டும். அந்த இறக்கைகளுக்கு நடுவே ஹெலிகாப்டர் வராது. அதற்குத்தான் எங்கள் படகு.

அன்றைக்கு ஒப்பந்தத்துக்கான சோதனை ஓட்டம். கடைசி டவரிலிருந்து எழுபது கிலோ எடையுள்ள மணல் பொம்மை ஒன்றை ஏற்றிக்கொண்டு நாற்பது நிமிடத்துக்குள் கரைக்கு வர வேண்டும். வந்தால் வேலை எங்களுக்கு. இல்லாவிட்டால் எங்களைவிட வேகமான படகு வைத்திருக்கும் இன்னொரு கம்பெனிக்கு.

ஆனால் என் பந்தயம் வேறு. கம்பெனியின் மேனேஜர் ஹரீஷ் குமரகுருவிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தேன். யாருக்கும் மரப்பு ஊசி போடாமல், வெறும் படகின் செட்டிங்கை வைத்தே அந்த நேரத்தை நான் எடுத்துக் காட்டினால், அதன்பிறகு எங்கள் யார்டுக்குள் ஊசி நுழையக் கூடாது. பாஸ்காலின் முதுகை அவருக்கே திருப்பித் தர வேண்டும் என்பதுதான் என் ஆசை. அது ஏற்கெனவே போய்விட்டதோ என்று அந்த டீத் தம்ளரைப் பார்த்துத்தான் முதல்முறையாக நினைத்தேன்.

ஹரீஷ் வந்தார். நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, நடக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொள்கிற ஆள். சென்னையில் நாற்காலியில் உட்கார்ந்தே முதுகைக் கெடுத்துக்கொண்டவர். சோதனைக்குச் சாட்சியாகப் படகில் கூடவே வர வேண்டும் என்பது ஒப்பந்த விதி. அவர் கடலில் கால் வைப்பது அதுதான் முதல்முறை.

"மேடம், எல்லாம் ரெடியா?" என்றார். "புதுசா என்ன செஞ்சீங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. ரிப்போர்ட்ல போடணும்."

இந்தப் பேச்சென்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். "மூணு என்ஜினையும் ஒரு விரக்கடை கீழ இறக்கிருக்கேன். மேல இருந்தா அமைதியான தண்ணியில பறக்கும், அலையில காத்தக் குடிச்சிட்டுச் சும்மா சுத்தும். நாலு இதழு புரொப்பல்லர எடுத்துட்டு அஞ்சு இதழு போட்டாச்சு. கடைசி வேகம் கொஞ்சம் குறையும், ஆனா தண்ணிய விடாது. அணியத்துல, அதான் மூக்குப் பக்கம், தொட்டி வச்சுத் தண்ணி நெரப்பிருக்கேன். மூக்கு கனமா இருந்தா அலைய வெட்டும். லேசா இருந்தா அலை மேல ஏறி ஏறி விழும். பின்னால தொங்குத ரெண்டு தகடும் இப்ப முன்னைய விடச் சீக்கிரம் இறங்கும், அது இறங்குனா மூக்கு தாழும்."

"வேகத்துக்கு ஒரு செட்டிங், அலைக்கு ஒரு செட்டிங்னு சொல்றாங்களே?"

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி சார். நடுவுல ஒரு இடம் இருக்கு. அந்த எடத்தக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்."

ஹரீஷ் சிரித்தார். பாஸ்கால் இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இதைப் பிரசன்டேஷன்லதான் பாத்திருக்கேன். இது உண்மையிலேயே என்ன பண்ணுது?" என்று கேட்டார். கம்பெனியே அந்த பெல்ட்டில்தான் ஓடுகிறது. கேட்டாரே, அதுவே பெரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

"படகுக்கும் என்ஜினுக்கும் இந்தக் கடல் ஒரு பொருட்டே இல்ல சார்" என்றார் பாஸ்கால். "இன்னும் வேகமா போவும். உள்ள இருக்கவனோட முதுகெலும்புதான் தாங்காது. அலை மேல இருந்து விழுதப்ப ஒவ்வொரு தடவையும் இடுப்புல சுத்தியல வச்சு அடிச்ச மாதிரி இருக்கும். எவ்வளவு அடி தாங்கலாம்னு மெஷினுக்குத் தெரியாது. ஒரே அடியில ஒருத்தனுக்கு எலும்பு போவும், இன்னொருத்தன் சிரிச்சிட்டு எந்திரிப்பான். அதனால ஒடம்பயே கேப்போம்னு இதக் கொண்டு வந்தாவ. வலிச்சா நம்ம இடுப்புத் தசை தானா இறுகும். பல்லக் கடிச்சு மொகத்துல காட்டாம இருந்துடலாம். இடுப்பு ஒளிக்காது. அந்த இறுக்கத்த பெல்ட் படிக்கும். இறுகுனா படகு வேகத்தக் கொறைக்கும், மூக்க எறக்கும். தளர்ந்தா மறுபடி குடுக்கும்."

"முன்னாடி ஆக்சிலேட்டர் கையில இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. நாந்தான் பிடிச்சிட்டிருந்தேன். படகு தண்ணிய விட்டு எழும்புதப்ப என்ஜின் சத்தம் மாறும். அந்தச் சத்தத்துக்குக் கைய இழுக்கணும், விழுததுக்குள்ள திருப்பிக் குடுக்கணும். இப்ப ஹார்பர விட்டு வெளிய போனா அது பூட்டிக்கிடும்."

"மனுஷன் கை பயப்படும், உடம்பு பொய் சொல்லாதுன்னு எங்க போர்டு மீட்டிங்ல சொன்னாங்க" என்றார் ஹரீஷ்.

உடம்புக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்க நாக்கு துடித்தது. முதலில் அந்த ஊசியை வைட்டமின் என்றார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. போட்டுக்கொண்டவனின் படகு வேகமாகப் போனது, வேகமாகப் போனவனுக்கு அடுத்த மாதமும் வேலைப் பட்டியலில் பெயர் வந்தது. அவ்வளவுதான் நடந்தது. அதைக் கேட்க அது நேரமில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். இன்னொன்றையும் மூடி மறைத்தேன். டீ விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. சோதனையை நிறுத்திவிடுவார், வேலை போய்விடும், யார்டை நம்பியிருக்கும் நாற்பது குடும்பமும் என்னைத்தான் குற்றம் சொல்லும் என்று மனசு ஓடியது.

கிளம்பினோம். அலைத் தடுப்புச் சுவரைத் தாண்டியதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் வைத்த செட்டிங்குக்கு அந்தக் கடலில் சம்மனசு ஓடியிருக்க வேண்டிய வேகம் என் கைக்குத் தெரியும். அது அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அலையின் உச்சியில் ஏறி, தண்ணீரை விட்டு முழுதாக எழும்பி, என்ஜின் மூன்றும் வெறும் காற்றில் ஊளையிட, பிறகு தொப்பென்று விழுந்தது. என் இருக்கைக்கு ஸ்பிரிங் உண்டு. அப்படியும் பல் கிட்டித்தது. பாஸ்கால் இடப்பக்கம் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த ஆள் மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடுப்பு தளர்ந்தே இருந்தது. படகு அதை நம்பியது.

"வலிக்கலியா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"உன் செட்டிங்கு பிரமாதம்டி" என்று கத்தினார்.

அந்தப் பாராட்டைக் கேட்டு அழுகை வந்தது எனக்கு. பின்னால் ஹரீஷ் காலை இட்லியைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் "அம்மா" என்றார். வெட்கப்படாமல் சத்தமாகவே சொன்னார்.

கடைசி டவரை நெருங்கும்போதே ரேடியோ கூப்பிட்டது. மணல் பொம்மையை இறக்க வேண்டிய கிரேன் நிஜ மனிதன் ஒருவனை இறக்கப்போகிறது என்றார்கள். டவருக்கு உள்ளே ஏணியில் கால் வழுக்கிக் கீழே இரும்புத் தளத்தில் மல்லாக்க விழுந்துவிட்டான். பெயர் ஏழுமலை, விழுப்புரம் பக்கத்து ஆள். ஸ்ட்ரெச்சரில் கழுத்துப்பட்டை போட்டு, தலை முதல் பாதம் வரை வார் போட்டு இறுக்கிக் கட்டி இறக்கினார்கள். சின்ன வயசு, இருபத்தைந்து இருக்கும். முகம் தெளிவாக இருந்தது. பேசினான்.

கரையிலிருந்த டாக்டர் ரேடியோவில் வந்தார். காற்றில் பாதி வார்த்தைகள்தான் கேட்டன. உள்ளுக்குள் ரத்தம் கசியலாம், அதனால் சீக்கிரம் வர வேண்டும். முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம், அதனால் ஆட்டக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இரைச்சலுக்குள் போய்விட்டார்.

"தம்பி, பெயின் எப்படி இருக்கு?" என்று ஹரீஷ் குனிந்து கேட்டார்.

"வலியே இல்ல சார்" என்றான் ஏழுமலை. "விழுந்தப்ப பளிச்சுனு ஒரு தபா இருந்துது. இப்ப ஒண்ணுமில்ல. நல்லாகீறேன்."

எங்கள் மூவருக்கும் மூச்சு வந்தது. வலி இல்லை என்றால் நல்லது என்றுதானே எந்த மனிதனும் நினைப்பான். அதுவும் நாங்கள், வலியைக் குறைப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள்.

அப்போதுதான் பாஸ்காலுக்கு அந்த யோசனை வந்தது. "ஏட்டி, பெல்ட்ட எனக்கு எதுக்குக் கட்டணும்? அவனுக்கே கட்டுவோம்" என்றார். "அவன் தாங்குத வேகத்துல படகு போவட்டும். அவனுக்கு வலிச்சா தானாக் கொறையும். டாக்டர் சொன்ன ரெண்டும் நடந்துரும். சீக்கிரமும் போவலாம், அவன நோகடிக்கவும் வேண்டாம்."

எவ்வளவு நல்ல யோசனை. இத்தனை நாளில் யாருக்கும் தோன்றவில்லையே, வலியைக் கேட்க வேண்டிய ஆளே நோயாளிதானே என்று எனக்கு என் புருஷன்மேல் பெருமையாக இருந்தது. ஹரீஷ் "சூப்பர் சார், இத நாம பேட்டன்ட் பண்ணலாம்" என்றுகூடச் சொன்னார். படகு டவரின் மறைவில் நின்றபோதே பாஸ்கால் தன் பெல்ட்டைக் கழற்றி, வார்களுக்கு அடியில் கையை விட்டு, ஏழுமலையின் இடுப்பைச் சுற்றி மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. சம்மனசு அவனை ஏற்றுக்கொண்டது.

டவரின் மறைவை விட்டு வெளியே வந்ததும் படகுக்குப் பேய் பிடித்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பாஸ்கால் கட்டியிருந்தபோது போனது ஒன்றுமே இல்லை. மூன்று என்ஜினும் கடைசி வரை போய் நின்றன. பக்கவாட்டு அலையில் ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, விழுந்து, விழுந்த அடி அடங்குவதற்குள் அடுத்ததில் ஏறியது. பின் தகடுகள் அசையவே இல்லை. நான் மூக்குத் தொட்டியில் ஏற்றிய தண்ணீர், கீழிறக்கிய என்ஜின், ஐந்து இதழ் எல்லாம் படகை இன்னும் வேகமாக அலைக்குள் கொண்டுபோய் மோதத்தான் உதவின. ஸ்டீயரிங்கைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது.

"நல்லா தாங்குதான் பையன்" என்று பாஸ்கால் கத்தினார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது, ஆனால் நெற்றி சுருங்கியிருந்தது.

ரேடியோ மறுபடி உயிர்பெற்றது. நான் முந்திக்கொண்டு, "டாக்டர், நல்ல வேகத்துல வாரோம். அவனுக்கு வலியே இல்லன்னு சொல்லுதான்" என்றேன்.

டாக்டர் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். "வலி இல்லையா, உணர்ச்சியே இல்லையா? காலைத் தொட்டுப் பாத்தீங்களா?"

ஹரீஷ்தான் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் இருந்தவர். தவழ்ந்து போய் ஏழுமலையின் ஷூவைக் கழற்றி, பாதத்தைக் கிள்ளினார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார். ஏழுமலை வானத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னா சார் தேடுறீங்க?" என்று கேட்டான்.

ஹரீஷ் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

இடுப்பிலிருந்து கீழே எதுவும் தெரியாதவனின் இடுப்பில் நாங்கள் பெல்ட்டைக் கட்டியிருந்தோம். எத்தனை அடி விழுந்தாலும் அது இறுகாது. இறுகாதவரை சம்மனசு நிற்காது. ஒவ்வொரு அடியும் அவன் முதுகில் எது மிச்சமிருக்கிறதோ அதை அறுத்துக்கொண்டிருந்தது. அவன் நலமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் திருப்பிக் கட்டு" என்று பாஸ்கால் எழுந்தார்.

"உங்களுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கத்தினேன். இத்தனை நேரம் அடக்கி வைத்தது அப்படி வந்துவிட்டது. "காலையில கொதிக்கக் கொதிக்க டீ கொட்டுச்சே, தெரிஞ்சுதா உங்களுக்கு? நேத்திலேருந்து ஊசி போடல. நீங்க கட்டுனாலும் இது இப்படித்தான் போவும்."

அவர் நின்றார். கையைத் தன் தொடைமேல் வைத்துப் பார்த்தார்.

எனக்கு வலிக்கும். ஆனால் நான் ஸ்டீயரிங்கை விட்டால் அடுத்த அலையில் படகு கவிழும். என் இருக்கையில் ஸ்பிரிங் வேறு. கீழே கிடக்கிறவனுக்கு விழும் அடி எனக்கு விழாது. பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் போகலாமென்றால், பெல்ட் இல்லாவிட்டால் என்ஜின்கள் படுத்துவிடும். அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடாம். அந்தக் கடலில் என்ஜின் படுத்த படகு குறுக்கே திரும்பி அலையை வாங்கிக்கொள்ளும்.

பாஸ்கால்தான் சொன்னார். குரலை உயர்த்தாமல், மரியாதையாகவே சொன்னார். "சார், இந்தப் படகுல ஒழுங்கா வலிக்குத ஆளு நீங்க ஒருத்தருதான்."

"நான் ஆபீஸ் ஆளு சார்" என்றார் ஹரீஷ். "எனக்கு ஏற்கெனவே டிஸ்க் ப்ராப்ளம் இருக்கு. டாக்டர் என்னை பைக்கே ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"அதான் வேணும் எங்களுக்கு" என்றேன். "சீட்டுல உக்காராதிய. தரையில, அவன் பக்கத்துல உக்காருங்க. அவனுக்கு விழுத அடி உங்களுக்கு அப்படியே விழணும்."

அவர் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மேனேஜர், அவரை யாரும் கேட்டிருக்க முடியாது. ஏழுமலையைப் பார்த்தார். அவனுக்கு இப்போது ஏதோ புரிந்திருந்தது. "சார், என் காலு எங்க?" என்றான். ஹரீஷ் தன் வெள்ளைச் சட்டையைத் தூக்கிவிட்டு, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "கட்டுங்க" என்றார்.

நான் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பிப் பிடித்தேன். பாஸ்கால் ஏழுமலையின் பெல்ட்டை விடுவித்தார். என்ஜின்கள் மூன்றும் முனகி அடங்கின. காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. ஓர் அலை மூக்கின் மேலேறி எங்கள் தலைவழியாகக் கொட்டியது. மூக்குத் தொட்டியில் தண்ணீர் இல்லாதிருந்தால் அந்த அலை எங்களைப் புரட்டியிருக்கும். இரண்டாவது அலை எழும்போது படகின் முகம் மெல்லப் பக்கவாட்டில் போகத் தொடங்கியது, என் ஸ்டீயரிங்குக்கு அது கேட்கவில்லை. அப்போது பச்சை விளக்கு எரிந்தது. என்ஜின் பிடித்தது.

முதல் இறக்கத்தில் ஹரீஷ் அலறினார். சம்மனசு சட்டென்று மூச்சைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது அலையில் ஏறும்போதே அவர் இடுப்பு பயத்தில் இறுகியிருக்க வேண்டும், தகடுகள் இறங்கின, மூக்கு தாழ்ந்தது, படகு உச்சியைத் தாண்டாமல் அலையை வெட்டி அந்தப் பக்கம் வழுக்கி இறங்கியது. அடியே இல்லை. மூன்றாவதும் அப்படியே. நான் மாதக்கணக்கில் விரல் விரலாக நகர்த்தி வைத்த செட்டிங் அதுதான். என் படகு எப்படி ஓட வேண்டும் என்று நினைத்தேனோ அப்படி அது ஓடியதை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஓட்டியது வாந்தி எடுத்துக்கொண்டு, ஓர் அந்நியனின் கையைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுத அந்த மனிதர்.

பாஸ்கால் தன் இருக்கையில் கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டு வந்தார். "எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் வலிக்கும்" என்றார் ஒருதரம்.

நாற்பது நிமிடத்தில் வர வேண்டியவர்கள் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் எடுத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களைத் திட்டவில்லை. நரம்பு முழுதாக அறுபடவில்லை, இன்னும் கொஞ்ச தூரம் அப்படி வந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று மட்டும் சொன்னார். மூன்று மாதம் கழித்து ஏழுமலை போன் பண்ணினான். பேச முடியாமல் அழுதான். "அக்கா, வலிக்குதுக்கா. இடது காலு, கட்டை விரலு. செமயா வலிக்குது" என்றான். நானும் அழுதேன்.

ஹரீஷ் நல்ல மனிதர்தான். நடந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தம் போகும் என்று நினைத்தோம், போகவில்லை. சீக்கிரம் கொண்டு வருவதைவிட முழுசாகக் கொண்டு வருவது முக்கியம் என்று காற்றாலைக்காரர்களுக்கே தோன்றியிருந்தது. மரப்பு ஊசியை ஒரே நாளில் நிறுத்தினார்கள். இனி ஒவ்வொரு படகிலும் நோயாளிக்குப் பக்கத்தில், தரையில், நன்றாக வலி தெரிகிற ஓர் ஆள் பெல்ட் கட்டி உட்கார வேண்டும் என்று விதி வந்தது. நான் கேட்டது கிடைத்தது. கேட்டதற்கு மேலேயே கிடைத்தது.

எல்லாரையும் சோதித்தார்கள். இடுப்பில் பெல்ட், முதுகில் ஒரு சின்ன இரும்புக்கட்டை அழுத்தும், திரையில் கோடு எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பார்கள். என் கோடு திரையைத் தாண்டிப் போனது. "உங்க முதுகு பிரமாதம் மேடம்" என்றான் சோதித்த பையன். பாஸ்காலின் கோடு படுத்தே கிடந்தது. அவர் முகத்தைச் சுளித்தார். "ஆ" என்றார். இன்னொரு தரம் "ஐயோ" என்றார். பத்து வருஷம் பல்லைக் கடித்து வலியை மறைத்த மனிதர், இல்லாத வலியை அந்தப் பையனுக்கு நடித்துக் காட்டினார். கோடு அசையவில்லை. வலிக்கவில்லை என்பதற்காக வேலை போனது.

இப்போது பெல்ட் என் இடுப்பில். ஸ்டீயரிங் வேறு ஒருத்தியிடம். பாஸ்கால் மத்தியானம் யார்டுக்குச் சாப்பாடு கொண்டு வருவார். டீயை முதலில் உதட்டில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். உதட்டில் மட்டும் இன்னும் தெரிகிறதாம்.

போன வாரம் இன்னொரு கம்பெனி எங்களைவிட மெத்தென்று ஒரு நோயாளியைக் கொண்டு வந்து இறக்கியதாகப் பேச்சு. ஹரீஷ் அதைப்பற்றிக் கவலையோடு இரண்டு தடவை போன் பண்ணினார். நேற்று ஜெனிட்டா தட்டோடு வந்தாள். அதே தட்டு, ஊசியின் மூடி மட்டும் வேறு நிறம்.

"என்ன இது?" என்றேன்.

"வைட்டமின்தான் அக்கா."

"போன தடவயும் அதான் சொன்ன."

அவள் தரையைப் பார்த்தாள். "இது மரக்கிறதுக்கு இல்லக்கா. நல்லா வலிக்கிறதுக்கு. கட்டாயம் ஒண்ணும் இல்ல. போட்டுக்கிட்டா கோடு கூட எழும்புமாம்."

அன்றைக்குப் போலவே தட்டைத் திருப்பி அனுப்ப வாயெடுத்தேன். அதற்குள் பாஸ்கால் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏளா, எனக்கு ஒண்ணு போடு" என்றார்.

"உங்களுக்கு எடுக்காது அண்ணே. இருக்கதத்தான் இது கூட்டும்."

"போட்டுத்தான் பாரேன். ஒனக்கென்ன நட்டம்?"

ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. பஞ்சால் அவர் கையைத் துடைத்தாள். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கடலைப் பார்த்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"ம். வலிக்குதுடி" என்றார். "சுருக்குன்னு நல்லாத் தெரியுது."

ஜெனிட்டா அப்போதுதான் ஊசியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.